வெண்ணிலா திருப்பி வைத்த படம்

மார்ச் 6, 2006
சிட்டிபாபு வந்தார். பெருங்களத்தூரில் மனை விற்பவர். போன வருஷம் நான் எலும்பில் பதித்து வைத்த இம்ப்ளான்ட் பல் ஆடுகிறது. சிமென்ட் போட்டு ஒட்டிய கேப்புக்கு அடியில் அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ கழன்றிருக்கிறது. கேப்பைத் தட்டிக் கழற்றப் பார்த்தேன். மூன்றாவது தட்டில் என் சட்டையைப் பிடித்துவிட்டார். "இன்னொரு தபா நோவுச்சு, உன் மூஞ்சி மூஞ்சியா இருக்காது டாக்டரு." எனக்கென்றே வந்து சேருகிறார்கள்.

மார்ச் 7
கேப்பில் துளைபோட்டு ஸ்க்ரூவை முறுக்கலாம். இடம் தவறினால் இம்ப்ளான்டே போய்விடும். ஸ்க்ரூ கன்னப் பக்கமா, நாக்குப் பக்கமா என்பதை எக்ஸ்ரே சொல்லாது. ஆனால் கேப் ஒட்டும் முன் அந்தப் பல்லை மட்டும் டிஜிட்டல் கேமராவில் எடுத்த படம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஸ்க்ரூ குழி பளிச்சென்று தெரிகிறது. தப்பித்தேன்.

மார்ச் 8
கை இன்னும் எரிகிறது.
வாய்க்குள் கண்ணாடி வைத்து அதில் தெரிவதைத்தான் படம் எடுப்போம், இடவலம் மாறியிருக்கும். அதனால் சிட்டிபாபுவை நாற்காலியில் உட்காரவைத்து, படத்தைத் திருப்பி அளந்தேன். "சார், அந்தப் படத்த நான்..." என்றாள் உதவியாளர் வெண்ணிலா. "வாய மூடு" என்றேன். துளைத்தேன். ஸ்க்ரூ இல்லை, வெறும் உலோகம். துளைக்கும் முனை வழுக்கி உள்கன்னத்தைக் கிழித்தது. ஒரே ரத்தம். சிட்டிபாபு எழுந்து அறைந்ததில் காது அடைத்துப்போனது. நான் — திரும்பி வெண்ணிலாவை அறைந்தேன். அவரை அடிக்கத் தைரியமில்லை, அதுதான் உண்மை. கையில் ஸ்டீல் கருவி இருந்தது. இருந்தது தெரியுமா எனக்கு? தெரியும். அவளுடைய முன்பல்லில் பாதி தரையில் கிடந்தது.
ரத்தம் ஒழுகும் வாயோடு சிட்டிபாபு கேட்டார்: "அந்தப் பொண்ண இன்னாத்துக்குய்யா அடிக்கிற?"

மார்ச் 9
வெண்ணிலா வரவில்லை.

மார்ச் 10
ஃபைலைத் திறந்து பார்த்தேன். எடுத்த அன்றே அவள் படத்தைத் திருப்பித்தான் சேமித்திருக்கிறாள். எல்லோருடைய படத்தையும் அப்படியே. அவள் திருப்பியதை நான் மறுபடியும் திருப்பியிருக்கிறேன். அதத்தானே சொல்ல வந்தா? சொல்ல விட்டேனா, பாவி?

மார்ச் 11
ஆடும் பல்லோடு சிட்டிபாபு திரும்ப வந்தார். அவள் வைத்திருந்த படத்தின்படி துளைத்தேன். ஸ்க்ரூ குழியை மூட நான் வைத்திருந்த பஞ்சு வந்தது, அதன் கீழே ஸ்க்ரூ. இரண்டே சுற்று. கொப்பளித்துத் துப்பிவிட்டுப் போனார்.

மார்ச் 13
போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். "அந்தப் பொண்ணு வழுக்கி விழுந்துடுச்சுன்னு சொல்லிடு மச்சான்" என்று போனில் சொன்னான் நண்பன் ஜீவானந்தம். ஸ்டேஷனில் வெண்ணிலா அவள் அம்மாவோடு பெஞ்சில் இருந்தாள், துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு.
"இவங்க கீழ விழுந்தாங்களா டாக்டர்?" எஸ்.ஐ. எனக்காகப் பேனாவோடு காத்திருந்தார்.
"இல்ல சார். நான்தான் அடிச்சேன்."
எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெண்ணிலா அப்போதும் துப்பட்டாவை எடுக்கவில்லை.