முறைக்காற்றுப் பட்டியல்

நாள் 212, 09:10

இதைக் கண்டெடுப்பவருக்கு வணக்கம். நான் தொம்மை பர்னாந்து, ஊர் தூத்துக்குடி. கானிமீட் நிலவின் பனிக்குள் குடைந்த இந்தச் சுரங்க நிலையத்தில் திரைப் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மேல்தளத்தில் முப்பத்துநான்கு பேர், கீழ்த்தளத்தில் முப்பத்தொரு பேர். யார் திரையில் எது கோணினாலும் என் தலைதான் உருளும்.

காற்று இயந்திரம் இரண்டில் ஒன்று போன வாரம் செத்துவிட்டது. மிச்சமிருப்பது இரண்டு தளத்துக்கும் முழுதாகப் போதாது. நிலைய அதிகாரி இசக்கிபாண்டி ஒரு வழி சொன்னார். அவர் ஊர் வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்களாம். அதேபோல முறைக்காற்று. மூன்று நாள் மேல்தளத்துக்கு முழுக்காற்று, கீழ்த்தளத்துக்கு முக்கால். அடுத்த மூன்று நாள் தலைகீழ். யாரும் சாகமாட்டார்கள், கொஞ்சம் தலைவலி வரும், அவ்வளவுதான்.

பட்டியல் பக்கத்தை இன்று ஏற்றினேன். நான்கு கட்டம்: தளம், ஆட்கள், இப்போதைய காற்று, அடுத்த முறை. பக்கத்தின் அடியில், இடம் வலமாக இழுத்துப் பார்க்கும் நகர்த்துபட்டை ஒன்று எட்டிப் பார்த்தது. இசக்கிபாண்டிக்கு அது பிடிக்கவில்லை, அசிங்கமாக இருக்கிறதாம். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் கோப்பில் ‘வழிந்தால் மறை’ என்று ஒரே வரி சேர்த்தேன். பட்டை போய்விட்டது. அவரும் போய்விட்டார். நிம்மதி.

நாள் 212, 15:40

கீழ்த்தளத்திலிருந்து பதினோரு புகார். ஒன்று என் தங்கை சலேத் அனுப்பியது. அவள் கீழே குழாய்ப் பிரிவில் வேலை பார்க்கிறாள்.

“அண்ணே, மேல முழுசு, எங்களுக்கு முக்காலுன்னு போட்டிருக்கே. என்னைக்கு வரைக்கும்னு போடலியே? இங்க எல்லாரும் கொதிச்சுக் கெடக்காவ.”

பட்டியலிலேயே இருக்கிறது, கண்ணைத் திறந்து பார் என்று பதில் போட்டேன். என் திரையில் சரியாகத்தான் தெரிகிறது. பதினோரு புகாரையும் ‘முடிந்தது’ என்று மூடிவிட்டேன். மனிதர்கள் படிக்காமலே புகார் எழுதுவார்கள். இருபது வருடமாகப் பார்க்கிறேன்.

நாள் 213, 10:05

கீழ்த்தள மேஸ்திரி கனகலிங்கம், இரண்டு தளத்துக்கும் நடுவே உள்ள இடைக்கதவுக்கு வந்தார். கூட இரண்டு பேர், கையில் துரப்பணக் கம்பி. அடுத்த முறை எங்களுக்கு உண்டா இல்லையா என்று எழுத்தில் பதில் கேட்டார். பட்டியலைப் பார் என்றார் இசக்கிபாண்டி. பார்த்துவிட்டுத்தான் வருகிறோம் என்றார் கனகலிங்கம். இவர் தள்ள, அவர் தள்ள, காவலாளி ஒருவன் ஆணித் துப்பாக்கியை அழுத்திவிட்டான். கற்பாறைக்கு அடிக்கிற ஆணி. கனகலிங்கத்தின் தொண்டைக்குள் போய்ப் பிடரி வழியாக வந்து கதவில் பதிந்தது. அவர் கீழே விழவில்லை. நின்றபடியே தொங்கினார்.

ஆணியைப் பிடுங்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். நான் மூன்றாவது ஆள்.

நாள் 213, 11:30

கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ‘பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறோம்’ என்று அவர் சொன்னது காதை விட்டுப் போகவில்லை. கிடங்கிலிருந்து ஒரு கீழ்த்தளத் திரையை எடுத்து மாட்டினேன்.

கீழ்த்தளத்துக்குக் கொடுத்தது பழைய சரக்கு. திரையும் குறுகல், உலாவியும் கிழடு. நான் எழுதிய புதுவகைக் கட்ட அமைப்பு அதற்குப் புரியாது. கட்டங்கள் சுருங்காமல் நீண்டுகொண்டே போகின்றன. நான்காவது கட்டம் திரைக்கு வெளியே விழுகிறது. நகர்த்துபட்டை இருந்திருந்தால் இழுத்துப் பார்த்திருப்பார்கள். அதைத்தான் நான் மறைத்துவிட்டேனே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அதுவும் ஒரு வரியில்.

அந்தத் திரையில் ஒருமுறைகூட நான் சோதித்துப் பார்க்கவில்லை. கனகலிங்கத்தைக் கொன்றது அந்தக் காவலாளி மட்டும் இல்லை. எழுதி வைக்கிறேன், யாராவது படிக்கட்டும்.

வரியை எடுத்தேன். பழைய உலாவிக்கும் பொருந்துகிற மாதிரி கட்டங்களை மாற்றினேன். ஏற்றிவிட்டேன்.

நாள் 213, 16:20

சலேத்: “மாத்திட்டேன்னு சொல்லுத, இங்க அதே மூணு கட்டந்தான் நிக்கி. நீ மேல உக்காந்துகிட்டுப் பொய் சொல்லுதன்னு என் மூஞ்சிலயே துப்புதானுவ.”

எனக்கு உடனே புரிந்தது, ஐந்து மணி நேரம் தாமதமாக. கீழே உள்ள உலாவிகள் பழைய சிஎஸ்எஸ் கோப்பைச் சேமித்து வைத்து அதையே காட்டுகின்றன. கோப்புப் பெயரில் ஓர் எண்ணை மாற்றி ஏற்றியிருந்தால் புதியதை எடுத்திருக்கும். சின்னப் பிள்ளைக்குத் தெரியும். பெயரை மாற்றப் போனால் வலைத்தொடர்பு இல்லை. கீழே கம்பியை அறுத்துவிட்டார்கள். வானொலி மட்டும் மிச்சம்.

நேற்றே கீழே பழுது பார்க்கப் போயிருந்த எங்கள் மெக்கானிக் ஆரோக்கியம் இன்று திரும்பிவந்தார். சரக்குத் தூக்கியில், தார்ப்பாயில் சுருட்டி. கைகள் இரண்டும் மணிக்கட்டோடு இல்லை. நெற்றியில் ‘முக்கால்’ என்று கீறியிருந்தார்கள்.

பூமிக்கு அனுப்பிய அவசரச் செய்திக்குப் பதில் வந்தது: “உங்கள் புகார் பெறப்பட்டது. உலாவியை மூடித் திறந்து பார்க்கவும்.” சிரித்தேன். பக்கத்தில் இருந்தவன் என்னை அறைந்தான். அறைந்தது சரிதான்.

நாள் 214, 09:00

இந்த நிலையத்தில் வாய்ச்சொல் ஆணையாகாது. முன்னொரு காலத்தில் வானொலியில் தவறாகக் கேட்டு யாரோ கதவைத் திறந்து எட்டுப் பேர் போனார்களாம். அன்றிலிருந்து அச்சிட்டு, அதிகாரி கையெழுத்திட்டு, இடைக்கதவில் ஒட்டியதுதான் ஆணை. அதைக் கீழ்த்தளமும் இன்னும் மதிக்கிறது. சலேத் அவர்களிடம் பேசிச் சம்மதிக்க வைத்தாள்: முறைக்காற்று உண்மையானால் அச்சில் கொடுங்கள், வாசித்துவிட்டு ஆயுதத்தைக் கீழே வைக்கிறோம்.

‘அடுத்த முறை’ கட்டம் எல்லார் கண்ணிலும் படவேண்டும் என்று அடர்பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக்கினேன். திரையில் பளிச்சென்று இருந்தது. அச்சுப்பொறி இடைக்கதவு அருகில் இருக்கிறது. இங்கிருந்தே அனுப்பினேன். இசக்கிபாண்டி கையெழுத்திட்டுக் கதவிடுக்கில் தள்ளுவார். இதோடு முடிந்தது. சலேத் வந்ததும் ஒரு டீயாவது போட்டுக் கொடுக்க வேண்டும்.

நாள் 214, 10:50

முடியவில்லை.

உலாவி அச்சிடும்போது பின்னணி நிறத்தை விட்டுவிடும். மை மிச்சம் பிடிக்கிறதாம். பச்சை போனால் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து. கீழே போன தாளில் நான்காவது கட்டம் வெறும் கட்டம். அதன் அடியில் இசக்கிபாண்டியின் கையெழுத்து. அவர் தாளைப் பார்க்கவே இல்லை, கோபத்தில் கையெழுத்திட்டுத் தள்ளினார். நானும் அச்சு முன்னோட்டம் பார்க்கவில்லை. இரண்டு நொடி வேலை.

உங்களுக்கு ஒன்றுமே கிடையாது என்று நாங்களே கையெழுத்திட்டுக் கொடுத்ததாகத்தானே அவர்கள் படிப்பார்கள்?

துரப்பணத்தால் கதவைப் பிளந்தார்கள். முதலில் வந்தவன் முகத்தில் எங்கள் ஆட்கள் கொதிநீர்க் குழாயைத் திறந்தார்கள். அவனுக்குப் பின்னால் வந்தவன் அவன்மேல் ஏறி வந்தான். கம்பி, கோடரி, ஆணி. என் மேசைக்கு அடியில் ஒரு காது கிடந்தது. கதவை மறுபடி இழுத்து மூடி இரும்புப் பட்டை அடித்தபோது மேல்தளத்தில் ஒன்பது பேர் இல்லை. அந்தப் பக்கம் எத்தனை என்று தெரியாது. சலேத்தை மூன்று முறை கூப்பிட்டேன். நான்காவது முறை, “உசுரோட இருக்கேன்” என்றாள்.

நாள் 215, 11:20

இரவெல்லாம் அச்சுக்கென்று தனி சிஎஸ்எஸ் எழுதினேன். கறுப்பு எழுத்து, வெள்ளைத் தாள், நிறமே கிடையாது, நான்கு கட்டமும் தாளின் அகலத்துக்குள். முன்னோட்டம் பார்த்தேன். அச்சிட்டேன். தாளை விரலால் தடவித் தடவிப் படித்தேன். இசக்கிபாண்டியின் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினேன். திட்டிக்கொண்டே கையெழுத்திட்டார். சரக்குத் தூக்கியில் தனியாகத் தாளை மட்டும் அனுப்பினேன்.

இன்று 12:00 மணிக்கு முறை மாறுகிறது. கீழ்த்தளத்துக்கு முழுக்காற்று.

நாள் 215, 11:34

சலேத்: “அண்ணே, தாளு வந்துச்சு. நாலாவது கட்டத்துல ‘கீழ்த்தளம் முழுசு, பன்னெண்டு மணி’ன்னு போட்டிருக்கு. எல்லாரும் வாசிச்சாச்சு. ஒருத்தன் சுவத்துல தலைய முட்டிட்டு அழுதான்.”

பிறகு: “பெரிய குழாய காலையிலேயே அறுத்துட்டானுவண்ணே. மேல எங்க காத்த அது இழுக்குதுன்னு நெனச்சு அறுத்தானுவ.”

அந்தக் குழாய் மேலே எதையும் இழுக்காது. பன்னிரண்டு மணிக்கு அவர்களுக்கு முழுக்காற்றைக் கொண்டுபோக வேண்டிய குழாய் அதுதான். அறுத்த வேகத்தில் துரப்பணம் பக்கச் சுவரையும் கிழித்திருக்கிறது. கீழ்த்தளக் காற்று வெளியே போகிறது. குழாயறை வால்வை மூடினால் நிற்கும். அதன் பூட்டுப் பல் உடைந்திருக்கிறது. கையால் பிடித்திருக்கும்வரைதான் மூடியிருக்கும்.

பிடித்திருப்பவள் சலேத். குழாயறையில் காற்றே இல்லை; கிழியாத ஒரே காற்றுடையைப் போட்டிருப்பவளும் அவள்தான்.

நாள் 215, 11:43

அவர்களை மேலே ஏற்ற வேண்டும், கதவைத் திறங்கள் என்றேன். இசக்கிபாண்டி உள் வானொலியில் எல்லாருக்கும் அறிவித்தார்: “ஒருத்தனும் கதவுப்பக்கம் போவக் கூடாது. தெறந்தா அவனுவ நம்மள வெட்டிப் போட்டுருவானுவ. தொம்மை போனாலும் சுடு.”

அவர் முதுகு என் பக்கம் இருந்தது. தீயணைப்புச் சிலிண்டரால் அடித்தேன். முதல் அடியில் முழங்கால் போட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார், நம்பாத பார்வை. இரண்டாவது அடிக்கு மண்டை உள்ளே போனது. மூன்றாவது தேவையில்லை, ஆனாலும் அடித்தேன். நல்ல மனிதர். முறைக்காற்று அவர் யோசனை. அது இல்லாவிட்டால் முதல் வாரமே பாதிப் பேர் செத்திருப்போம்.

காவலாளிகள் சுடவில்லை. ஒருவன் வாந்தி எடுத்தான். மற்றவன் என்னோடு சேர்ந்து இரும்புப் பட்டையை நெம்பினான்.

நாள் 215, 11:56

கதவு திறந்தது. சரக்குத் தூக்கி ஒருமுறை ஏறி இறங்கவே கால் மணி நேரம் ஆகும், கதவுக்குக் கீழே இறங்கும் ஏணிதான் வழி, அதுவும் ஒரு ஆள் அகலம். உயிரோடு இருப்பவர்கள் பதினெட்டுப் பேர், அதில் காயப்பட்டவர் பலர். முதலில் வந்தவன் கையில் கம்பியோடு வந்தான். இசக்கிபாண்டி கிடப்பதைப் பார்த்ததும் கம்பியைப் போட்டுவிட்டுத் திரும்பி அடுத்தவனுக்குக் கை கொடுத்தான்.

சலேத் உடையில் ஒன்பது நிமிடக் காற்று. வால்வை விட்டுவிட்டு அவள் ஏறிவர நான்கு நிமிடம். அவள் விட்ட இரண்டாவது நிமிடம் ஏணியில் காற்று இருக்காது.

குழாயறையிலிருந்து ஏணி தெரியாது. நான் எண்ணிச் சொல்ல வேண்டும் என்றாள்.

நாள் 215, 12:01

பதின்மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஐந்து பேர் ஏணியின் பாதியில். கால் முறிந்த ஒருவனைக் கயிற்றில் கட்டி இழுக்கிறார்கள்.

சலேத்: “அண்ணே, எல்லாரும் ஏறியாச்சா? விட்டுட்டு வரட்டா?”

ஆமா, வந்துரு என்று சொல்ல வாய் திறந்தேன். இப்போது விட்டால் அவள் வந்துவிடுவாள். அவளுக்குத் தெரியவே தெரியாது. ஏணியில் தொங்குகிறவர்களுக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

இன்னும் ஐந்து பேர் என்றேன்.

“சரிண்ணே. வந்ததும் சொல்லு.”

நாள் 215, 12:04

இன்னும் மூன்று பேர்.

நாள் 215, 12:06

அவள் மூச்சு வானொலியில் கேட்கிறது. இன்னும் இரண்டு பேர் என்றேன். பதில் இல்லை. ஏணியில் காற்று இன்னும் நிற்கிறது, பிடித்திருக்கிறாள்

நாள் 215, 12:08

கால் முறிந்தவன் வந்துவிட்டான். கீழிருந்து அவனைத் தள்ளி ஏற்றியவனும் வந்துவிட்டான். பதினெட்டு.

எல்லாரும் வந்தாச்சு, விட்டுட்டு வா சலேத் என்றேன். மறுபடி சொன்னேன். வா ஏட்டி என்று கத்தினேன்.

வால்வு இன்னும் மூடியே இருக்கிறது. கை இறுகிவிட்டது போல