வங்காலைக் கடிகாரம் நின்ற விதம்

செவ்வாய், ஒக்டோபர் 14

என் தங்கை பிலோமினா வங்காலை நிலையத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். முதலில் இதை எழுதிவைக்கிறேன், பிறகு யாரும் மழுப்பக்கூடாது.

வெயில். காற்றே இல்லை.

பேசாலையில் என் முற்றத்தில் ஒரு அன்டெனாக் கம்பி, வங்காலையில் அவள் வளவில் ஒரு கம்பி. விடியற்காலையில் இரண்டும் வியாழன் கிரகத்தின் ரேடியோ இரைச்சலைப் பிடிக்கும். இரு பதிவுகளையும் கணினியில் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால், இடையிலுள்ள கடலளவு பெரிய ஒரே காது. பதிவுப் பெட்டிகளிலுள்ள கடிகாரங்கள் மட்டும் இம்மியும் பிசகக்கூடாது. வெளிநாட்டு ஆர்வலர் குழு அறுபடாத ஒரு வாரப் பதிவு கேட்டது. கொடுத்தால்தான் அவர்களுடைய நிலைய வரைபடத்தில் நமக்கு இடம். வாரம் முடியும் தறுவாயில் நேற்று அவள் கடிகாரம் நின்றுவிட்டது.

புதன், 15

காலை பஸ். வங்காலை. கோபம் இறங்கவில்லை.

"ஏனடி பிடுங்கினனி?"

"செபமாலை மாதமெல்லோ அண்ணை. வீடு வீடாப் போற மாதா சுரூபம் எங்கட வீட்டுக்கு வந்தது. மாதாவை இருட்டுக்குள்ள வைக்கிறதே? கோயில் பொடியளுக்குப் பல்ப் மாலை கொழுவ வேற இடமில்லை."

"மற்றப் பிளக் பொயின்ட்?"

"அது கருகி எவ்வளவு காலம்! உங்களுக்குச் சொன்னனான். நீங்கள் வந்தாக் கம்பியைப் பாத்திட்டுப் போயிடுவீங்கள்."

சொல்லவில்லை என்றேன். வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு மனுசி: "அவ சொன்னது எனக்கே கேட்டது. வியாழன் இரைச்சல் கேக்கிற ஆளுக்கு இது கேக்கேல்லையோ?"

இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. திருக்கைக் கறி நன்றாக இருந்தது.

வெள்ளி, 17

மீண்டும் வங்காலை. பிளக் பொயின்ட் மாற்றினேன். உள்ளே பல்லி முட்டை. கடிகாரம் மறுபடி ஓடுகிறது.

குழுவுக்கு எழுதினேன்: மாதா வந்ததால் பதிவு அறுந்தது. பதில்: மறுபடி தொடங்குங்கள், காத்திருக்கிறோம்.

எதிர்காலத்தில் சந்திரனிலும் கம்பி கட்டி, பூமியிலுள்ளவற்றோடு சேர்த்துக் கேட்பார்களாம். கட்டட்டும். அங்கேயும் ஒரு பிளக் பொயின்ட் கருகும்.

ஞாயிறு, 19

இரவு சிறு தூறல். விடியற்காலைப் பதிவு, கரையில் அலை அடிப்பதுபோல. அவளுடையதும் வந்தது. பொருந்தின! இரண்டு முறை சரிபார்த்தேன்.

போனில் அவள்: "அண்ணை, பெட்டியில பச்சை லைட் எரியுது. எழும்பிப் பாத்தனான். வியாழனுக்கு இப்ப சுகமோ?"

இனி:

கோயில் பொடியள் — பல்ப் மாலைக்குப் புதுப் பிளக் பொயின்ட் மட்டும்.

பிலோமினா — வாரம் முடியும்வரை பெட்டியைத் தொடக்கூடாது. தூசி தட்டவும் கூடாது.

கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டு மண்டபத்தில் இருக்கும் எங்கள் தம்பி — மொட்டைமாடியில் மூன்றாவது கம்பி. சாக்குச் சொல்லாமல்.

நான் — மன்னிப்புக் கேட்பதாக இல்லை. அவளுக்கு நல்ல பாரை மீனாகப் பார்த்துக் கொண்டுபோவது.

குழு — வரைபடத்தில் பேசாலைக்கு ஒரு புள்ளி. வங்காலைக்கு இன்னொன்று, அவள் பெயரில்.