நூற்று அறுபத்திரண்டு தேக்கு முளைகள்

கராங்வுனி முகாம், 1908 செப்டம்பர் 6, ஞாயிறு, காலை ஆறு மணி பத்து நிமிடம். கால்வாய்க் கோட்டைக் குறிக்க அடித்து நிற்கும் தேக்கு முளைகள் நூற்று அறுபத்திரண்டு; சற்றுமுன் நானே நடந்து எண்ணினேன்.

மகன் குஸ்னாடிக்கு அப்பா எழுதுவது. எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, சோறு இறங்குகிறது, இங்கே நலம் என்று சொல்லக்கூடியது அவ்வளவுதான். பத்தாவியாவில் உன் இருமல் போயிருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. வைத்தியம் படிக்கிறவனுக்கு இதைச் சொல்லவேண்டியிருப்பது எரிச்சலாக இருக்கிறது. நோன்புக்கு முந்தைய மாதம் வந்துவிட்டதே, அம்மாவின் கபுருக்குப் பூப் போட்டீர்களா என்று கேட்டிருந்தாய். போடவில்லை. போட இடம் இல்லை. சுற்றிவளைக்க எனக்கு வராது, நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

கால்வாயின் முதல் கோடு உன் துருனோ மாமாவின் வயலை நடுவில் பிளந்தது. போட்டவன் நான். தண்ணீர் பள்ளத்தைத் தேடித்தான் போகும், மச்சான் வயல் என்று விலகாது. அந்த வாரம் அவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, "கோட்டைத் திருப்ப வழியே இல்லியா மச்சான்?" என்றார். ஆட்களை அடக்கிய மையவாடி இருந்தால் சர்க்கார் சுற்றிக்கொண்டு போகும், வேறெதற்கும் திரும்பாது என்று வாய் நிறையச் சோற்றோடு சொன்னேன். கை கழுவிவிட்டுப் போய்விட்டேன். வரைபடத்தோடு நான் மூன்று நாள் டவுனுக்குப் போன நேரத்தில், மாமாவும் ஊராரும் மேட்டு மையவாடியிலிருந்த இருபத்தேழு கபுர்களின் மீசான் கட்டைகளை, தலைமாட்டில் ஒன்று கால்மாட்டில் ஒன்றாக ஐம்பத்து நான்கையும் பிடுங்கி, வயலில் வரிசையாக நட்டுவிட்டார்கள். புது மரம் காட்டிக்கொடுக்கும், பாசி படிந்ததுதான் நம்பவைக்கும் என்பது அவர்கள் யோசனை. எது எந்தக் குழியில் இருந்தது என்று ஒருவனும் குறிக்கவில்லை. பிறகு கேட்டால், "எல்லாம் முடிஞ்சதும் திருப்பி நட்டுறலாம்னு நெனச்சோம் மச்சான், அவங்கவங்க ஆளு அவங்கவங்களுக்குத் தெரியாதா?" என்கிறார்.

பொறியாளர் துரை வந்தார். வயலில் மூன்று இடத்தில் தோண்டச் சொன்னார். சேறுதான் வந்தது. "என்னய்யா, உங்க பொணமெல்லாம் எந்திரிச்சு நடவுக்குப் போயிருச்சா?" என்று மலாயில் கேட்டார், கூலிகளும் சிரித்தார்கள். அப்புறம் கட்டை பிடுங்கிய மேட்டைக் காட்டி, அது என்ன என்றார். மாமா வாயைத் திறந்தார். ஊர்த்தலைவர் முந்திக்கொண்டு, "வெறும் மேடு எசமான், ஒண்ணுமில்ல" என்றார். வேறென்ன சொல்வார்? மையவாடி என்றால், சர்க்காரை ஏமாற்றக் கட்டையைப் பிடுங்கியது யார் என்று கேள்வி வரும், ஆள் சிறைக்குப் போகும். "வெறும் மேடுன்னா யாரையும் கேக்க வேண்டாம், நஷ்டஈடும் வேண்டாம், கோட்டை அங்க தள்ளு" என்றார் துரை. மேடு என்பதால் ஒரு மீட்டர் கூடுதல் ஆழம் வெட்டவேண்டும். வெட்டப்போவது கட்டாய ஊழியக்காரர்கள், அவர்கள் முதுகுக்குத் திட்டத்தில் இடமில்லை. கருவியோடு பக்கத்தில் நின்ற நான் சரி என்றேன். புது வரைபடத்தில் இருப்பது என் கையெழுத்து. கட்டைகளை என்ன செய்ய என்றேன். நல்ல தேக்கு, மூன்று மூன்றாக அறுத்து முளையாக்கு என்றார். ஆக்கினேன். அம்மாவின் கட்டையில் நீ ஒன்பது வயதில் ஆணியால் பிறை கீறினாயே, அது இப்போது எண்பத்தெட்டாம் முளை.

மாமாவின் வயல் ஓர் அடிகூடக் குறையவில்லை. அவர் அதில் கால் வைப்பதில்லை. நேற்றுப் பெண்கள் பூக்கூடையோடு மேட்டுக்கு வந்து, கோழிக்குத் தீனி போடுவதுபோல் நாலு பக்கமும் இறைத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி, "அளக்கிறவரே, எங்கப்பன் எத்தனாவது முளைக்குக் கீழ இருக்காருன்னு சொல்லிட்டுப் போங்க" என்றாள். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று எழுதுவாய். சொன்னால் மாமா சிறைக்குள்ளே, நான் வேலைக்கு வெளியே, நீ வைத்தியப் பள்ளிக்கு வெளியே. சொல்லமாட்டேன். கோபப்பட்டுக்கொள், படிப்பை மட்டும் விடாதே. அம்மாவை அடக்கிய அன்று கிணற்று மூலையிலிருந்து திசையும் தூரமும் எடுத்து என் குறிப்பேட்டில் எழுதினேன். "பொணத்தக்கூடவா அளப்பீங்க?" என்று மாமா அன்று ஏசினார். இன்று இருபத்தேழு பேரில் இடம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதிலும் ஒரு முழம் பிழை வரலாம். ஒட்டினாற்போல் அடக்கமாகியிருப்பது பழைய ஊர்த்தலைவர். மேட்டில் வெட்டு 21ஆம் தேதி திங்கள் தொடங்குகிறது.

அல்லாஹ் உனக்கு நடுங்காத கையையும் என்னைவிடக் குறைந்த வாயையும் தரட்டும்.

உன் அப்பா,
வீர்யோ

இனி நான் செய்யப்போவது:

1. 18ஆம் தேதி வெள்ளி, ஊரார் தொழுகையில் இருக்கும்போது கிணற்று மூலையிலிருந்து அளப்பேன்.
2. மாமாவை மண்வெட்டியோடு கூட்டிப்போவேன். வராவிட்டால் இழுத்துப்போவேன்.
3. இடுப்பெலும்பு பெண்ணுடையதா என்று பார்ப்பேன். எப்படிப் பார்ப்பது என்று படம் வரைந்து, 16ஆம் தேதிக்குள் கிடைக்கும்படி அனுப்பு. மறக்காதே.
4. மனித உடம்பில் இருநூற்றாறு எலும்பு என்று எழுதியிருந்தாய். எண்ணி எடுப்பேன். கருவிப் பெட்டியில் அடங்கும்.
5. மற்ற இருபத்தாறு பேருக்கு ஒன்றும் செய்யமாட்டேன்.
6. மாமாவின் வயலில் அவளை அடக்குவேன். அங்கே கபுர் இல்லை என்று சர்க்காரே தோண்டிப் பார்த்து எழுதிவிட்டது, இனி ஒருவனும் தோண்டமாட்டான்.
7. எண்பத்தெட்டாம் முளையைப் பிடுங்கி அவள் தலைமாட்டில் நடுவேன். கோட்டில் அந்த இடத்துக்கு வேறு கட்டை வைப்பேன். நூற்று அறுபத்திரண்டு குறையக்கூடாது.