பழுப்புத்தாள் உறை

மே 6, செவ்வாய்

இதில் எல்லாவற்றையும் உண்மையாக எழுதுவேன். எனக்கு வெட்கமானதையும்.

இன்று எங்கள் செவன் ஹில்ஸ் பள்ளி நூலகத்துக்கு நாங்கள் குடியேறிய இந்த நாட்டின் பூர்வகுடி எழுத்தாளர் ஒருவர் வந்தார். பெயர் ———. என் வகுப்புத் தோழி டாலியாவின் பெரியம்மா. "என்னை அன்ரி என்று கூப்பிடுங்கள்" என்றார். நானும் வகுப்பிலுள்ள மற்றத் தமிழ்ப் பிள்ளை சுபாங்கனும் சிரித்துவிட்டோம். எங்கள் வீடுகளுக்கு வருகிற எல்லோருமே அன்ரிதானே.

ஓடைக்கரையில் யாரோ பின்னால் வருவதை உணர்ந்து ஓடும் சிறுமியின் கதையை வாசித்தார். நான் தினமும் கடக்கும் அதே ஓடை. இந்த மண்ணின் ஆட்கள் எழுதிய சிறுவர் புத்தகங்கள் எங்கள் நூலகத்தில் அரைத் தட்டுக்கூட இல்லை. அவருடைய அடுத்த புத்தகம் ஆகஸ்டில் வருகிறது. அதை எங்கள் நூலகத்தில்தான் வெளியிடுவேன் என்றார். வகுப்பு முழுவதுக்கும் வாங்கித் தரும்படி நூலகர் மோனிகா மிஸ்ஸிடம் நான்தான் நச்சரிக்கிறேன்.

மே 19

ஓடைப் பாலத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

ஜூன் 12, வியாழன்

அன்ரி இறந்துவிட்டார். டாலியா வரவில்லை.

ஜூன் 16, திங்கள்

அவருடைய படத்தைப் பெரிதாக்கி நூலக வாசலில் வைத்தேன். கடதாசிப் பூமாலை, பற்றரியில் எரியும் மெழுகுதிரி, கீழே பெரிய எழுத்தில் பெயர். வீட்டில், இறந்துபோன சிவமணி மாமாவின் படத்துக்கு இருப்பது போலவே. மிஸ் இன்று லீவு. யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

மதியம் டாலியா வந்தாள். பார்த்தாள். வந்த வழியே திரும்பிப் போனாள்.

ஜூன் 17

மிஸ் சொன்னார்: இறந்தவரின் முகத்தைக் காட்டுவதும் பெயரைச் சொல்வதும் அவர்கள் குடும்பத்தில் கொஞ்சக் காலத்துக்கு வழக்கமில்லை. புத்தக வெளியீடு இங்கே வேண்டாம் என்று டாலியாவின் அம்மா அழைத்துச் சொல்லிவிட்டாராம்.

நான் என்ன செய்து வைச்சிருக்கிறன் — ஐயோ, ஏன் கேக்கேல்லை —

படத்தை எறியவும் முடியாது. துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். என் மேசை லாச்சியில் கவிழ்ந்து கிடக்கிறது. மூடிய பிறகும் அவர் பார்க்கிறார். கூடத்தில் மாமாவும் பார்க்கிறார்.

ஜூன் 18

லாச்சியைத் திறக்கவில்லை. கதிரையை மாற்றிப் போட்டேன். இப்போது முதுகில் பார்க்கிறார்.

ஜூன் 21, சனி

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "நீ பிழையாச் செய்யேல்லை பிள்ளை, பிழையான இடத்தில செய்திட்டாய்" என்றா. "வெளிக்கிடு. நானும் வாறன்." ரோல்ஸும் பொரித்து எடுத்துக்கொண்டா.

டாலியாவின் அம்மா எங்களை உள்ளே கூப்பிடவில்லை. "படம் எங்கே?" என்று மட்டும் கேட்டார். துணியோடு கொடுத்தேன். கவிழ்த்துத்தான் வைத்திருந்தேன் என்றேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது. கோபம் மட்டும் இல்லை என்றார்; புதுப் புத்தகத்தின் முன்னட்டையில் பெயர், பின்னட்டையில் முகம். அதை எப்படி முப்பது பிள்ளைகளின் கையில் கொடுப்பது?

அம்மா என் காதில், "உறை போடலாமே எண்டு கேள். வருசா வருசம் உன்ர கொப்பியளுக்குப் போடுறனான்தானே."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். டாலியாவின் அம்மா என் அம்மாவை நிறைய நேரம் பார்த்தார். வீட்டுப் பெரியவர்களைக் கேட்க வேண்டும் என்றார். ரோல்ஸை வாங்கிக்கொண்டார்.

இந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அன்ரியின் பெயரைக் கறுப்பு மையால் மூடினேன். உண்மையாக எழுதுவேன் என்றேனே, அதை மீறினேனா? தெரியவில்லை.

ஜூலை 30

உறை போட்டு இங்கேயே வெளியிட, டாலியா வீட்டுப் பெரியவர்களின் சம்மதம் வந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

டாலியா வந்து எங்கள் குசினி மேசையில் பழுப்புத்தாள் வெட்டினாள். "உன் மடிப்பு கோணல்" என்றாள். ஜூனுக்குப் பிறகு என்னிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

ஆகஸ்ட் 20, புதன்

நூலகத்தில் புத்தக வெளியீடு. டாலியா வாசித்தாள். யாரும் பெயர் சொல்லவில்லை. "அன்ரி" என்று மட்டும். இந்த முறை ஓடைச் சிறுமி ஓடவில்லை. பின்னால் வருபவருக்காக நின்று காத்திருக்கிறாள்.

முன்வரிசையில் ஒரு கதிரையில் ஒருவரும் உட்காரவில்லை. யாரும் சொல்லி வைக்கவுமில்லை. எல்லோரும் போன பின் மற்றக் கதிரைகளை அடுக்கினோம். அதை டாலியாவும் தொடவில்லை, நானும் தொடவில்லை.

மிஸ் எங்களுக்காக வாசலில் காத்து நின்றார். பிறகு விளக்குகளை அணைத்தார்.