ஹாங்க் பெல்மரின் கழுத்து

மார்ச் 5, புதன்

காலையிலிருந்து தூறல். பஸ் ஓட்டும் ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிந்தது. முழங்கால் வலி. வரும் வழியில் அப்டன் பார்க்கில் முருங்கைக்காய், பாரை மீன். மனைவி வசந்தியின் மாத்திரை மறந்துவிட்டது.

மகள் ஆரணி கதவடியில் நின்றாள், கையில் போனோடு.

"அப்பா, கண்ணை மூடுங்கோ. சப்ரைஸ்."

திறந்தால் திரையில் ஹாங்க் பெல்மர். தலை முழுக்க நரை. அமெரிக்காவிலிருந்து வருகிறாராம். ஓய்வுபெற்ற ரெஸ்லிங் வீரருடன் ஒரு மதியம். கேள்வி பதில், போட்டோ. ஸ்ட்ராட்ஃபர்டில், சனிக்கிழமை. என் பிறந்தநாளுக்கென்று இரண்டு டிக்கெட்.

"நீங்க இவரோட ஃபைட் பண்ணினனீங்கள் எண்டு என்ர ஃப்ரெண்ட்ஸ் ஒருத்தரும் நம்பேல்லை."

சிரித்துவைத்தேன். சாப்பாடு இறங்கவில்லை.

வசந்தி: "என்னப்பா, மீன் சரியில்லையோ?"

உப்புக் கூடிப்போச்சு என்றேன். பாவம். உப்பு அளவாகத்தான் இருந்தது.

மார்ச் 6, வியாழன்

லீவு. மழை. வசந்தி வேலைக்கு. வீட்டில் நான் மட்டும்.

இதை எங்கும் எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு. அகதியாக லண்டன் வந்து ஒரு ஜிம்மில் தரை துடைத்தவன். அங்கிருந்த பயிற்சியாளர் என் தோளைப் பார்த்துவிட்டுப் பழக்கினார், மேடை ஏற்றினார். ஊர் ஊராக மண்டபங்கள். ஹாங்க் பெரிய பெயர். இருபது வருடம் அமெரிக்கா முழுக்க, ஜப்பானில் ஆறு தடவை. இங்கே மூன்று வாரம் வந்தார். கடைசி ஆட்டம் என்னோடு.

யார் வெல்வது என்பது முதலே பேசிவைத்ததுதான். விழுகிறவனின் கழுத்து மட்டும் தூக்குகிறவனை நம்பி இருக்கும். உடை மாற்றும் அறையில் சொன்னார்: "இன்றைக்குக் கழுத்து சரியில்லை. தலைக்கு மேலே தூக்காதே. மற்றதெல்லாம் உன் விருப்பம்." தலையாட்டினேன்.

மண்டபத்தில் எங்கள் சனம் மூன்று வரிசை. எல்லோரும் பெரியண்ணை என்று கூப்பிடும் மூத்தவர் எழும்பி நின்று கத்தினார்: "தூக்கடா சிவா, தூக்கு!" எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள்.

தூக்கினேன். பிடி வழுகியது. கழுத்தில் விழுந்தார்.

"நான்தான் சறுக்கினேன்" என்று எல்லோரிடமும் சொன்னார். அதன் பிறகு அவர் மேடை ஏறவே இல்லை. நான் வாய் திறக்கவில்லை. அந்த வருடமே நானும் விட்டேன். கலியாணத்துக்காக விட்டவர் என்று வசந்தி இன்றைக்கும் எல்லோருக்கும் சொல்லுவாள்.

மார்ச் 8, சனி

வெயில், குளிர்காற்று. ஷேவ் எடுக்கையில் கன்னத்தில் வெட்டு.

மண்டபம் பாதி நிறைந்தது. ஹாங்க் தடி ஊன்றி வந்தார். பேசத் தொடங்கியதும் பழைய மனிதர்தான். ஒரே நாளில் இரண்டு ஊரில் ஆடியது, உடைந்த பல்லை வாயில் வைத்துக்கொண்டே ஆட்டத்தை முடித்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு யாரோ கேட்டார்கள், ஏன் விட்டீர்கள் என்று.

"இதே லண்டனில் சறுக்கிவிட்டேன். என் பிழை. எதிரே ஆடிய பையன் நல்ல பையன்."

ஆரணி என் கையைப் பிடித்து அழுத்தினாள். "அப்பா, உங்களைத்தான்!"

வரிசையில் நின்றோம். பேனையை விரலால் பிடிக்க அவருக்கு ஏலாது. முஷ்டிக்குள் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கீறினார். நான் பெயர் சொல்லுமுன்னமே ரெஸ்லிங்கில் நசிந்துபோன என் இடது காதைப் பார்த்தார்.

"சிவா. நாளைக்குக் காலையில் கோப்பி குடிக்க வா." ஹோட்டல் பெயரும் சொன்னார்.

போட்டோ எடுத்தாயிற்று. நான் சிரித்தபடி இருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஒன்பது மணிக்கு அவருடைய அறை. சட்டை பட்டன் பூட்டாமல் கதவைத் திறந்தார். கோப்பி ஊற்றுமுன்னமே சொல்லிவிட்டேன்: நீங்கள் சறுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லியும் தூக்கினது நான்.

"தெரியும். மேலே இருந்தது நான்தானே."

சிரிப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு வரவில்லை.

"தூக்கியதற்கு எனக்குப் பெரிய கோபமில்லை. இருபத்தாறு வயதில் அப்படிச் சனம் கத்தியிருந்தால் நானும் தூக்கியிருப்பேன். பதினொரு நாள் இங்கே ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கழுத்தைத் திருப்ப முடியாது. கட்டில் கதவைப் பார்த்தபடி இருந்தது. நீ வருவாய் என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன்."

ஆஸ்பத்திரி அப்போது நான் இருந்த அறையிலிருந்து மூன்று பஸ் தரிப்பு. ஒரு நாள் வாசல் வரை போய்த் திரும்பினேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும்.

ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உண்மை தெரிந்தால் உன்னோடு எவனும் மேடை ஏறமாட்டான். உனக்கு வேறு என்ன இருந்தது?"

அந்த வருடமே விட்டுவிட்டேன் என்றேன். அது அவருக்குத் தெரியாது. கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்போ அந்தப் பொய்யைச் சும்மாதான் சொல்லியிருக்கிறேன்."

கார் வந்துவிட்டதாகக் கீழிருந்து போன் வந்தது. எழும்பி என் முன்னால் வந்து நின்று சட்டையைக் காட்டினார். கீழிருந்து மேலாக ஏழு பட்டன். கடைசிப் பட்டனுக்கு நாடியை உயர்த்தித் தந்தார். அதையும் பூட்டினேன். அவர் அசையவில்லை.

"மகளுக்குச் சொல்லு," என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

மார்ச் 10, திங்கள்

மப்பு வானம். ஷிப்டில் இரண்டு தரிப்பை நிற்காமல் கடந்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரு மனுஷி ஏசினாள்.

பின்னேரம் குசினியில் இரண்டு பேருக்கும் சொன்னேன், எல்லாம்.

வசந்தி அடுப்பை நிற்பாட்டினாள். "அப்ப கலியாணத்துக்காக விடேல்லையோ?"

"இல்லை."

வெட்டின வெங்காயத்தைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அடுப்பைத் திரும்ப மூட்டினாள்.

ஆரணி மேசையில் இருந்தபடி கேட்டாள்: "ஹொஸ்பிடலுக்கு ஒருக்காலும் போகேல்லையா அப்பா? பதினொரு நாளுமா?"

வாசல் வரை போனது நாக்கு நுனியில் நின்றது. விழுங்கினேன்.

"ஓம், போகேல்லை," என்றேன்.