கழற்றாத மண்ணெண்ணெய்த் தாங்கி

ஆவணி 12, வெள்ளி.

பழைய கார்களுக்கு அசல் என்று சான்றிதழ் கொடுக்கும் ஐயா இன்று கொழும்பிலிருந்து வந்தார். என் மொறிஸ் மைனருக்காக நான் இரண்டு வருடம் படித்த படிப்பைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் டொக்டராகியிருப்பேன். இயந்திர எண் சரி. சுரண்டிக் கண்டுபிடித்த முதல் நிறமும் சரி. அசல் இல்லாதது என் முன்பல் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். பொனற்றைத் திறந்தவர் தகரத் தாங்கியைக் கண்டு முகம் சுளித்தார்.

“இது கொம்பனி பூட்டினதில்லை. கழட்டினால்தான் சான்றிதழ்.”

“சண்டைக்காலப் பெற்றோல் தடையில, கிளிநொச்சியில இருக்கேக்க மண்ணெண்ணெய் ஊத்தி ஓடின தாங்கி, ஐயா. மகள் பிறக்க ஆஸ்பத்திரிக்குப் போனதும் இதாலதான்.”

தேத்தண்ணியோடு வந்த மனைவி சொன்னாள்: “வழியில மூண்டு தரம் நிண்டதையும் சொல்லுங்கோவன்.”

அவர் சிரிக்காமல் படிவத்தில் ‘அசலல்ல’ என்று எழுதினார். நான் பேனையை வாங்கி, அதன் கீழே ‘கிளிநொச்சியில் பூட்டியது, கழற்றப்படமாட்டாது’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.