எஸ்றா தாங்கிய கதவு

அத்தான்,

தச்சநல்லூருக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன். இட்லி மேசையில் மூடியிருக்கிறது. கார் சாவி அதே ஆணியில்.

மெக்கானிக் பீர் முகம்மது அண்ணாச்சி வருவார். நான்தான் வரச் சொன்னேன். டிக்கிக் கதவைத் தாங்கும் கேஸ் ஷாக் இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கதவு கோணிவிடுமாம். கழற்றும்போது நல்ல கம்பாக முட்டுக் கொடுங்கள், தலையில் விழுந்துவிடும்.

"எம்புள்ள பிடிச்ச கதவு, ஒண்ணையும் மாத்தப்பிடாது" என்று நேற்றுக்கூட உங்களிடம் சண்டை போட்டவள்தான் நான். ஷாக் போனதிலிருந்து, நான் சாமான் இறக்கி முடிக்கும்வரை எஸ்றாதானே ஒற்றைக் கையால் தாங்கி நிற்பான், சாகும்வரை.

தேவமணி

பி.கு.: மனம் மாறிய காரணத்தை நான் சொல்லவில்லையே. காலையில் குடையை எடுக்க டிக்கியைத் திறந்தேன். முட்டுக் கொடுக்காமலே கதவு நின்றது. வெயில் சூட்டில் கேஸ் விரிந்திருக்கும் என்பீர்கள். அப்போது மழை பெய்துகொண்டிருந்தது, அத்தான். பயத்தில், "போதும்லே ராசா, விடு" என்றேன். கதவு பைய இறங்கியது.

இன்றைக்கே மாற்றிவிடுங்கள். பிள்ளைக்குக் கை வலிக்கும்.